மேசை முனையில் ஒரு வைஸ்

கணவன்மார்களே, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள். நான் என் மனைவியை ஜெயித்த கதையைச் சொல்லப்போகிறேன். சும்மா ஜெயிக்கவில்லை. பட்டப்பகலில், பக்கத்து வீட்டுக்காரனைச் சாட்சியாக நிறுத்தி, அவள் வாயாலேயே "தோத்துட்டேன்" என்று சொல்லவைத்து ஜெயித்தேன். இப்படி ஒரு சம்பவம் எங்கள் தீவில் இதற்கு முன் நடந்ததாகத் தகவல் இல்லை.

என் பெயர் வெண்டெல் பிண்டர். ஃப்ளோரிடாவின் ஐலமொராடாவில் படகு ஓட்டுகிறேன். வெளியூர்க் கனவான்களை ஏற்றிக்கொண்டு போய் டார்ப்பன் மீனைக் காட்டுவது வேலை. டார்ப்பன் என்றால் ஆள் உயரம், ஆள் எடை, ஆளைவிட அதிக ரோஷம். அதைப் பிடிக்கப் பெரிய தூண்டில் முள்ளில் சேவல் இறகை நூலால் இறுக்கிக் கட்டிப் பொய்யிரை செய்யவேண்டும். நாங்கள் அதை ஈ என்போம். விரல் நீளம் இருக்கும், இருந்தாலும் ஈதான். ஈ கட்டுவது என் தொழிலில் பாதி. மீதிப் பாதி, அதைக் கடிக்காத மீன் சார்பாக வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்பது.

கட்டும்போது முள்ளை அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு குட்டி வைஸ் வேண்டும். பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்குமே வைஸ், அதற்குப் பேத்தி மாதிரி இருக்கும். என்னுடையது சாப்பாட்டு மேசையின் ஜன்னலோர முனையில், விளிம்பைக் கவ்வும் கிளாம்ப் போட்டுத் திருகியிருந்தது. அந்த முனைதான் என் நாடு. நிமிர்ந்தால் கடல். கையை நீட்டினால் ஃப்ரிட்ஜ். தலைக்கு மேல் ஏசி. வீட்டில் மற்ற இடமெல்லாம் என் மனைவி லெனோராவின் ஆட்சி. படுக்கையில்கூட எனக்கு ஓரமாக ஒரு வரப்பளவு நிலம்தான். ஆனால் அந்த மேசை முனைக்கு வருவதென்றால் அவளுடைய துடைக்கும் துணியும் விசா வாங்கவேண்டும். உயிரே போனாலும் அந்த முனையை விடுவதில்லை என்று நான் என்றைக்கோ முடிவு செய்துவிட்டேன்.

லெனோராவுக்கு அந்த முனைமேல் நெடுநாளாகக் கண். "சோத்துல இறகு, சூப்புல நூலு. நான் சமைக்கிறதைச் சாப்பிட்டா கோழிக்கே வெக்கமா இருக்கும்" என்பாள். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீட்டில் விருந்து. சங்கு சூப். தேவாலயத்துப் போதகர் எனக்கு எதிரே உட்கார்ந்து, பிரசங்கத்தில் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கை சும்மா இருக்காது. பாதியில் நின்ற ஓர் ஈ வைஸில் இருந்தது. அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடலாமே என்று நூலை இழுத்தேன்.

பழைய வைஸுக்கு வாய் தேய்ந்துபோயிருந்தது. சின்ன முள்ளென்றால் பிடிக்கும். பெரிய முள் வழுக்கும். இறுக்கி இழுத்தேன் பாருங்கள், முள் இறகோடு எழும்பி, மேசையைக் கடந்து, போதகரின் கிண்ணத்தில் தொபுக்கென்று இறங்கியது.

போதகர் கரண்டியால் அதை மெல்லத் தூக்கிப் பார்த்தார்.

"வெண்டெல், என் சூப்புல ஈ."

"ஆமாங்க போதகரே. டார்ப்பனுக்குக் கட்டினது. கடிச்சிடாதீங்க, முள்ளு ரொம்பக் கூர்."

சூப்பில் ஈ விழுந்ததற்குச் சமைத்தவளை விட்டுவிட்டு ஈயைச் செய்தவனிடம் புகார் சொன்ன வீடு உலகத்திலேயே எங்கள் வீடாகத்தான் இருக்கும். மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

விருந்தாளிகள் போன பிறகு நான் தலையைக் குனிந்துகொண்டு தயாராக நின்றேன். லெனோரா பாத்திரத்தை அலம்பிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"அந்த வைஸ் கிழண்டு போச்சு வெண்டெல். புதுசு ஒண்ணு வாங்கிக்கோ."

அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை.

"கோவம் இல்லியா?"

"கோவப்பட்டு என்ன ஆகப்போவுது? டார்ப்பன் வர்ற நேரம். உனக்கு வைஸ் வேணும். ஆனா ஒண்ணு. கிளாம்ப் வெச்சதுதான் வாங்கணும். இதே முனையில, இதே எடத்துல திருகி மாட்டணும். சொல்லிட்டேன்."

உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். நானும் கிளாம்ப் வைத்ததுதான் வாங்க நினைத்திருந்தேன். பெரிய முள்ளில் நூல் சுற்றும்போது கிணற்றுக் கயிறு இழுப்பதுபோல இழுக்கவேண்டும். மேசையோடு திருகிய வைஸ் இம்மியும் அசையாது. ஈ கட்டுகிற எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்.

ஆனால் அவள் சொன்ன தோரணை இருக்கிறதே! "வாங்கணும்." "மாட்டணும்." "சொல்லிட்டேன்." என் சட்டையை அவள் எடுக்கிறாள், சரி. என் முடிவெட்டை அவள் தீர்மானிக்கிறாள், அதுவும் சரி. வைஸையுமா? இன்றைக்கு வைஸ் என்றால் நாளைக்குத் துடுப்பு, நாளன்றைக்குப் படகு, அதற்கப்புறம் நான் எந்த மீனைப் பிடிக்கலாம் என்பதையும் அவளே சொல்வாள். எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆண்மகன் விழித்துக்கொண்டான்.

"நான் பீடம் வெச்சது வாங்கலாம்னு இருக்கேன்," என்றேன்.

"அதென்ன பீடம்?"

"அடியில கனமா இரும்புப் பலகை இருக்கும். திருகவே வேணாம். சும்மா தூக்கி வெச்சா நிக்கும்."

"நிக்குமா? நீ இழுக்கிற இழுப்புக்கு அது உன் மடியில வந்துல்ல உக்காரும்!"

"கனமானதா வாங்குவேன்."

"கனமா இருந்தா தூக்கறது யாரு? போன வாரம் ஒரு தர்பூசணியத் தூக்கிட்டு வர்றதுக்குள்ள படிக்குப் படி உக்காந்தே."

"தர்பூசணிக்குப் பிடி கிடையாது."

"வேணாம் வெண்டெல். கிளாம்ப் வாங்கு. நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று அவள் சொன்ன பிறகு பின்வாங்கினால் நான் பிண்டர் குடும்பத்துப் பிள்ளையே இல்லை.

மறுநாள் கிளைட் சாயரின் தூண்டில் கடைக்குப் போனோம். ஆமாம், அவளும் வந்தாள். பழைய வைஸை மேசையிலிருந்து நானே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். "வாய் எங்க தேஞ்சிருக்குன்னு கிளைடுக்குக் காட்டவேணாமா?" என்று அவள் கேட்டது நியாயமாகத்தான் பட்டது.

கிளைட் அதை வாங்கிப் பார்த்து உச்சுக்கொட்டினான். "பெரிய முள்ளுக்கா கேப்டன்? அப்ப கண்ணை மூடிக்கிட்டு கிளாம்ப்தான்..."

"அப்படிச் சொல்லு கிளைட்!" என்றாள் லெனோரா.

நான் அவனை ஒரு பார்வை பார்த்தேன். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "...னு வெவரம் இல்லாதவங்க சொல்வாங்க," என்று முடித்தான். வியாபாரி.

வைஸ் வாங்கும்போது பளபளப்பைப் பார்க்கக்கூடாது, வாயைப் பார்க்கவேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கடையில் இருந்ததிலேயே பெரிய முள்ளை எடுத்து, ஒவ்வொரு வைஸின் வாயிலும் கொடுத்து, கட்டைவிரலால் என் முழு பலத்தோடு அழுத்தினேன். முதல் வைஸில் முள் உடனே தலை குனிந்து வணக்கம் சொன்னது. அடுத்தது முள்ளை விடவே இல்லை. நானும் கிளைடும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கவேண்டியதாயிற்று.

"மூடினா தெறக்கமாட்டேங்குது," என்றான் கிளைட்.

"அப்ப அது எங்க வீட்டுக்காரருக்கு ரொம்பத் தேவை," என்றாள் லெனோரா.

கடைசியாக ஒன்றை எடுத்து வைத்தான். அகலமான வாய். பெரிய முள்ளின் வளைவு போய் உட்காருவதற்கென்றே உள்ளே ஆழமாக ஒரு பள்ளம். அழுத்தினேன். முள் வில்போல வளைந்து, விட்டதும் டிங்கென்று நிமிர்ந்தது. வாய் மட்டும் மயிரிழைகூட அசையவில்லை. அடியில் கறுப்பாக ஓர் இரும்புப் பீடம். தூங்குகிற நாயை நகர்த்துவது மாதிரி இருந்தது அதை நகர்த்த.

"இதுதான்!" என்றேன்.

"கிளைட், இதே வாயி கிளாம்ப்ல இருக்கா?" என்றாள் அவள்.

"இருக்கு லெனோராம்மா."

"அதையே குடு."

"கிளைட், பீடம்."

"கிளாம்ப்."

"பீடம்!"

கிளைடின் கழுத்து அங்கும் இங்கும் திரும்பியே சுளுக்கியிருக்கும்.

"லெனோரா, ஈ கட்டப்போறது யாரு? நீயா, நானா?"

"நீதான்."

"அப்புறம்?"

அவள் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். "உன் இஷ்டம்."

உன் இஷ்டம்! கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்கக் காத்திருந்தவன் நான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கை மட்டும் தரையைத் தொட்டுவிடும்போல் கனத்தது.

எங்கள் வீடு புயலுக்குப் பயந்து தூண்கள்மேல் ஏறி நிற்கிறது. கீழே திறந்த இடம். அங்கே வண்டி, படகு, இறால் கூடுகள், மீன் அறுக்கும் பலகை, வாடகை தராத ஓர் உடும்பு. வண்டியை நிறுத்தியதும் லெனோரா மறுபடி ஆரம்பித்தாள்.

"மேல கொண்டுபோய் உன் முனையில வெச்சிடு. ஒருதரம் வெச்சா அப்புறம் அசைக்கவா போறே? பீடமாம் பீடம். கிளாம்ப்னாலும் ஒரே எடம், இதுன்னாலும் ஒரே எடம்."

"ஒரே எடமா? உனக்கு ஒண்ணும் புரியல லெனோரா. இதை எங்க வேணாலும் வெச்சுக் கட்டலாம். அதுதான் இதோட அருமை!"

"எங்க வேணாலும்னா எங்க?"

"எங்க வேணாலும்! ஏன், இங்கயே, இந்தப் பலகை மேலயே வெச்சுக் கட்டுவேன்."

"இங்கயா? ஏசி இல்லாமயா?" அவள் சிரித்தாள். "உன்னால முடியாது வெண்டெல்."

பேச்சு போதும் என்று செயலில் இறங்கினேன். வைஸைப் பலகைமேல் நட்டேன். மாடிக்கு ஓடினேன். இறகுப் பெட்டி, நூல்கண்டுகள், கத்தரி, விளக்கு, என் நாற்காலி, எல்லாவற்றையும் நானே சுமந்து வந்தேன். மேசை முனையில் கடைசி இறகுவரை பொறுக்கினேன். பாவம், தோல்வி கண்ணுக்குத் தெரிந்தும் லெனோரா எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். "பாத்து, பாத்து, மெதுவா" என்று வேறு சொன்னாள். எனக்கே மனசு இளகிவிட்டது.

பக்கத்து வீட்டு டெல்மர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தான். அவனையே சாட்சியாகப் பக்கத்தில் நிறுத்தினேன். பெரிய முள்ளை வைஸின் வாயில் கொடுத்தேன். நூலை இழுத்தேன். முறுக்கி, பல்லைக் கடித்து, இரண்டு கையாலும் இழுத்தேன். பீடம் அசையவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியது. உடும்பு எழுந்து நிழலுக்குப் போயிற்று. நான் விடவில்லை. சிவப்பும் மஞ்சளுமாக ஓர் ஈ பிறந்தது பாருங்கள், என் வாழ்நாளில் அப்படி ஒன்றைக் கட்டியதில்லை.

"அடேயப்பா!" என்றான் டெல்மர். "இதைப் பாத்தா டார்ப்பன் என்ன, நானே கடிப்பேன்."

லெனோரா மாடிப்படியில் நின்று பார்த்தாள். "சாயலையே," என்றாள்.

"சாயாது!"

"இங்கயும் கட்ட முடியுது."

"எங்கயும் முடியும்!"

"சரி கேப்டன். டெல்மர், நீயே கேட்டுக்கோ. நான் தோத்துட்டேன்." கையை உயர்த்திக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

அந்தக் கணத்தின் இன்பத்தை எப்படிச் சொல்வேன்? டெல்மர் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவனுக்குக் கண் கலங்கியே விட்டது. அவனுக்கும் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். போகும்போது, "எங்க எல்லாருக்காகவும் ஜெயிச்சிருக்கே வெண்டெல்," என்றான்.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறினேன். வைஸை அப்புறம் தூக்கிக்கொள்ளலாம். முதலில் ஜில்லென்று ஒரு பீர். என் முனையில், ஏசிக்குக் கீழே, கடலைப் பார்த்துக்கொண்டு.

மேசை துடைத்துப் பளிச்சென்று இருந்தது. ஜன்னலோர முனையில், என் பழைய வைஸ் இருந்த அதே இடத்தில், சங்குக்கறி அரைக்கும் கை மிஷின் ஒன்று புத்தம்புதிதாக நின்றது. லெனோரா என்றைக்கோ வாங்கி, அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தாளாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் கறியை உள்ளே தள்ளிக்கொண்டும், மறு கையால் பிடியைச் சுற்றிக்கொண்டும் இருந்தாள்.

"லெனோரா, இதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகத்தினா, என்னோட வைஸைக் கொண்டுவந்து..."

"நகராது கேப்டன்," என்றாள் அவள், சுற்றுவதை நிறுத்தாமலே. "இது கிளாம்ப் வெச்சது."