மாப்பிள்ளையின் ஸ்டியரிங்குக்குக் கிரீஸ் வைத்த கதை

சங்கரன்கோவில்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை லிங்கேஷ் அவர்களுக்கு, மாமனார் சௌந்தரபாண்டியன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், உங்கள் அத்தை, யோகலட்சுமி மூவரும் நலம். உங்கள் ஸ்டியரிங் மட்டும் நலமில்லை. போனில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால்தான் கடிதம்.

தலை தீபாவளிக்கு முன்கூட்டியே வந்த யோகலட்சுமி, இங்கு வந்ததும் நீங்கள் விளையாடுவதற்குப் பார்சலில் அனுப்பிய அந்தக் கார் ரேஸ் விளையாட்டு ஸ்டியரிங்கை மேஜையில் மாட்டி லேப்டாப்பில் சொருகினாள். சுவிட்சைப் போட்டதும் அது ஆளே தொடாமல் இடமும் வலமும் திரும்பி நின்றது. ராஜபாளையம் ரூட்டில் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவன் நான். டிரைவர் இல்லாமல் திரும்பிய ஸ்டியரிங்கை அன்றுதான் பார்த்தேன். மறுநாள் ஆயுத பூஜை. எந்த ஸ்டியரிங்கானாலும் ஸ்டியரிங்தானே என்று உங்கள் அத்தை சந்தனமும் குங்குமமும் எடுத்து வந்தாள். "வண்டிக்கு வைக்கித மாதிரி தாராளமா வையி" என்று சொன்ன பாவி நான்தான். பன்னீரில் கரைத்த சந்தனம் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிட்டது. அது காய்ந்ததும் திருப்பும்போதெல்லாம் கரகரவென்று ஒரே சத்தம்.

ஸ்டியரிங் சத்தம் போட்டால் கிரீஸ் இல்லை என்று அர்த்தம். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, டெப்போவில் என்னோடு மெக்கானிக்காக இருந்த கபீரை வரச் சொன்னேன். அவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, அவுத்துப் பாத்துருவோமே" என்றார். பத்தொன்பது திருகாணி. உள்ளே பார்த்தால் பொம்மைக்கு வைப்பது போல இரண்டு மோட்டார், பிளாஸ்டிக் பல்சக்கரம், பல்லிடுக்கெல்லாம் சந்தனம். ஊக்கால் நோண்டி எடுத்துவிட்டு, கபீர் கொண்டுவந்த பஸ் கிரீஸை இடைவெளி இல்லாமல் அப்பினோம். திரும்பப் பூட்டியபோது மூன்று திருகாணி மிச்சம். "கூடுதலா வச்சிருப்பான் அண்ணாச்சி" என்றார் கபீர். நானும் நம்பினேன் மாப்பிள்ளை, நம்பினேன்! சுவிட்சைப் போட்டோம். இடது பக்கம் திரும்பியது, திரும்பியது, திரும்பிக்கொண்டே இருந்தது. இருவரும் சேர்ந்து பிடித்தும் நிற்கவில்லை. உள்ளே இருந்த வயரைச் சுருட்டி அறுத்துக்கொண்டுதான் நின்றது. நான் ஆசைப்பட்டபடி இப்போது சத்தமே இல்லை.

கபீர் சொல்லாமல் கொள்ளாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். யோகலட்சுமி தோழியைப் பார்க்கக் குருவிகுளம் போயிருக்கிறாள், இன்னும் தெரியாது. மேஜைமேல் வேட்டியைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். ஒரு கீறல் கூட விழாமல் பஸ் ஓட்டினேன் என்று டெப்போவில் சால்வை வாங்கிய கை இது. மாப்பிள்ளை பொருளை ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை நீங்கள் வாசலில் வந்து இறங்கும்போது எந்த முகத்தோடு "வாங்க மாப்பிள்ளை" என்பேன்? என்னை மன்னியுங்கள். அத்தையையும் மன்னியுங்கள். முடிந்தால் கபீரையும்.

கோமதி அம்பாள் அருளால் நீங்கள் சகல செல்வமும், நீண்ட ஆயுளும், குறைந்த கோபமும் பெற்று வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த மாமனார்,
சௌந்தரபாண்டியன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் யோகலட்சுமி வந்து வேட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். ஏசுவாள் என்று நின்றேன், அழுதுவிட்டாள். "ஏம்ப்பா, இது அவுகளுக்கு இல்ல, உங்களுக்கு. ரிட்டையர் ஆனதுலேருந்து சோத்துத் தட்டத்தான ஸ்டியரிங்கு மாதிரி சுத்திக்கிட்டு இருக்கீக. பஸ் ஓட்டுத கேமப் போட்டு, தீவாளி அன்னைக்கி உங்கள உக்கார வைக்கணும்னு அவுக ஆசையா அனுப்புனாக" என்றாள். ஆகவே மாப்பிள்ளை, மேலே உங்களிடம் கேட்ட மன்னிப்பையெல்லாம் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள். என் ஸ்டியரிங்கைக் கெடுத்தவனை நான் மன்னிப்பதாக இல்லை.