போலந்து டாக்குத்தரின் சிம்பொனி

லண்டன் முழுக்கத் தேடினாலும் போலந்து டாக்குத்தரைப் போல இன்னொரு பல் வைத்தியர் அகப்படமாட்டார். மற்றவர்கள் பல்லில் கை வைப்பார்கள். இவர் முதலில் காதைப் பிடிப்பார். ஊர் யாழ்ப்பாணம், கிளினிக் மோர்டனில். 'போலந்து' பின்னால் வந்து ஒட்டிய பட்டம்.

அதற்குமுன் அவர் என்னுடைய ஆள். சனிக்கிழமை பின்னேரங்களில் பெரும்பாலும் என் வீட்டில்தான் இருப்பார். சீட்டு விளையாடுவோம். அவர் கள்ளம் செய்வார், நான் சண்டை பிடிப்பேன். சுகமான வாழ்க்கை.

ஒருநாள் வால்தம்ஸ்டோவில் பழைய சாமான் கடையொன்றில் ஓர் இசைத்தட்டை வாங்கி வந்தார். போன நூற்றாண்டுப் போலந்துக்காரர் ஒருவர் பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதிய சிம்பொனி. அவருடைய நாட்டிலேயே அவரை மறந்துவிட்டார்களாம். மறந்தவர்கள் புத்திசாலிகள் என்றேன். அடுத்த சனிக்கிழமை டாக்குத்தர் வரவில்லை.

பிறகு கிளினிக்கில் எந்நேரமும் அந்த இசைதான். வாயைப் பிளந்தபடி கிடப்பவர்கள் எப்படி மறுப்பது? பல் அடைக்கப் போன என்னை, மூன்றாம் பகுதி முடியும்வரை எழும்ப விடவில்லை. ட்ரம்பெட் முழங்கிய இடத்தில் பல் குடையும் மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் எத்தனை நல்ல சீட்டு இறக்கியிருக்கிறேன், ஒருநாளாவது அப்படிக் கண்ணை மூடியிருப்பாரா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் வந்து புலம்பினேன்.

"அந்தப் போலந்துக்காரர் செத்துப்போன மனுசன். அவரோடை உங்களுக்கு என்ன போட்டி?" என்றாள் மனைவி.

அதுதானே பிரச்சினை. உயிரோடிருந்தால் நேரே போய் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன்.

டாக்குத்தர் லீவு போட்டுப் போலந்துக்கே போய், ஏதோ நூலகத்தில் தூசி பிடித்துக் கிடந்த இசைக்குறிப்புகளைப் பிரதி எடுத்து வந்தார். வேலை முடிந்து ஆசைக்கு வாசிக்கும் குழு ஒன்றைப் பிடித்தார். தேவாலய மண்டபத்தில் கச்சேரி என்று ஏற்பாடாகிவிட்டது.

அன்று காலை ட்ரம்பெட்காரரின் முன்பல் உடைந்துவிட்டதாகச் செய்தி வந்தது. நான் சந்தோஷமாக இரண்டாவது தேநீர் குடித்தேன். ஆனால் பல் உடைந்தவர் யாரிடம் போவார்? பின்னேரத்துக்குள் டாக்குத்தர் பல்லை ஒட்டி, ஊதவும் வைத்துவிட்டார்.

காலியான மண்டபத்தைப் பார்க்கும் ஆசையில் வேண்டுமென்றே பிந்திப் போனேன். மண்டபம் நிறைந்திருந்தது. பாதி அவருடைய நோயாளிகள், பாதி வயதான போலந்துக்காரர்கள். திரும்பிவிடலாமென்று வாசலில் நின்றபோதுதான் கவனித்தேன்: வாத்தியக்காரர்கள் எல்லாரும் வாசிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன்வரிசையில் டாக்குத்தர் எழுந்து நின்றார்.

"இஞ்சை வாங்கோ. நீங்கள் வருமட்டும் தொடங்க வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்."

அவருக்குப் பக்கத்து ஆசனத்தில் இடம்பிடித்தபடி அவருடைய கோட் கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிம்பொனி முடியும்வரை அதை இறக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை.