நப்பே அண்ணாச்சியின் மூலைமட்டம்

அந்தமானில் நேராக நின்றது எங்கள் நப்பே அண்ணாச்சி ஒருவர்தான். மற்றதெல்லாம் கோணல். தென்னை கோணல், ஜெட்டி கோணல், ஜங்லிகாட்டில் நாங்கள் குடியிருந்த மரவீடுகள் அதைவிடக் கோணல். ஆபீஸ் மேஜையில் பென்சிலை வைத்தால் அது உருண்டு அடுத்த செக்‌ஷனில் போய் டியூட்டி பார்க்கும்.

இந்தியில் நப்பே என்றால் தொண்ணூறு. எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "தொண்ணூறு டிகிரி இல்லையேவே" என்று சொல்வதால் பியூன் வைத்த பெயர் அது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுபோயிற்று. திருநெல்வேலிக்காரர். ஸ்டோர் கிளார்க். பத்து வருஷமாகத் தீவில் இருந்தும் இந்தியை நெல்லைத் தமிழாகவே பேசினார்.

ஒரு சுதந்திர தினத்தில் தேசிய கீதம் முடிந்ததும் முடியாததுமாகப் பாக்கெட்டிலிருந்து தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு கொடிக்கம்பத்துக்கு ஓடினார். "ஸாப், கம்பா டேடா ஹை! ரெண்டு இஞ்சு கடல் பக்கமா சாஞ்சி கெடக்கு!" பெரிய ஆபீசர் மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் கம்பத்தைப் பிடுங்கி நட்டார்கள்.

அந்தக் காலத்தில் மெயின்லேண்டிலிருந்து வந்த எங்களுக்கெல்லாம் இரண்டே கனவுகள். ஒன்று, டிரான்ஸ்ஃபர் ஆர்டர். இன்னொன்று, அதோடு கப்பலில் ஏற்றிக்கொண்டு போக ஒரு படாக் மரக் கட்டில். மரம் அறுக்கும் சா மில்லில் மிஞ்சிய துண்டுகளை அள்ளி வந்து, ஞாயிற்றுக்கிழமையானால் குவார்ட்டர்ஸ் முழுக்க டொக் டொக் என்று தட்டிக்கொண்டிருப்போம். ஒருத்தனுக்கும் தச்சுவேலை தெரியாது. நான் செய்த முதல் ஸ்டூலில் உட்கார மூன்று பேர் வேண்டும். ஒருவர் உட்கார, இருவர் பிடித்துக்கொள்ள.

குற்றம் எங்கள் கையில் பாதி, மூலைமட்டத்தில் பாதி. மரத்தில் செங்கோணம் பார்க்கும் கருவி அது. இரும்பில் வாங்கினால் விலை அதிகம், உப்புக்காற்றில் துருவும் ஏறிவிடும். மரத்தில் செய்தால் மழைக்கு ஊதிப்போகும். "கிளார்க்குப் பயலும் வாங்குத வெலையில, மழைக்கு அசையாத மூலைமட்டம் ஒண்ணு செய்யாம விடமாட்டேன்வே" என்று அண்ணாச்சி கிளம்பினார்.

மூன்று வருஷம். எண்ணெய் டின்னை வெட்டிச் செய்தார், வளைந்தது. கண்ணாடியில் செய்தார், உடைந்து விரலில் கட்டோடு ஆபீஸ் வந்தார். கடைசியில் ஒருநாள், "சிலேட்டுவே! ஊதாது, துருப்பிடிக்காது, வளையாது!" என்று கத்திக்கொண்டு ஓடி, ஜங்லிகாட் கடையில் இருந்த அத்தனை சிலேட்டுப் பலகைகளையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நாலாம் நாள் பள்ளிக்கூடத்து வங்காளி வாத்தியார் வாசலில் நின்றார்.

"நப்பே பாபு, பச்சா லோக் கிஸ்மே லிக்கேகா?"

பிள்ளைகள் எதில் எழுதுவார்கள் என்று கேட்கிறார். அண்ணாச்சி தமிழிலேயே, "தரையில எழுதச் சொல்லும். உம்ம பள்ளிக்கூடத்துத் தரை நேராத்தான் கெடக்கு, நான் பாத்துட்டேன்" என்றார். வாத்தியாருக்குப் புரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு போனார்.

ஆனால் கருவி அருமையான கருவி. படாக் கைப்பிடி, சிலேட்டு அலகு, இரண்டும் சேரும் இடத்தில் சின்னப் பித்தளைத் திருகு. திருகினால் அலகு மயிரிழை நகரும். பலகை விளிம்பில் வைத்து ஒரு கோடு போட வேண்டும். பிறகு கருவியைப் புரட்டி, அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சரி, விரிந்தால் கோணல். சரியானதும் யாரும் நோண்டாதபடி திருகின்மேல் அரக்கு வைத்துவிடுவார்.

பெரிய ஆபீசர் பார்த்துவிட்டு, "பன்னிரண்டு செய்து லாங் ஐலண்டு தச்சர்களுக்கு அனுப்பும். அங்கே நன்றாக இருக்கிறது என்றால் கார் நிக்கோபார் வரை எல்லா இடத்துக்கும் வாங்கலாம்" என்றார். அண்ணாச்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த நேரம் பார்த்து அவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்தது. மெட்ராசுக்கு அனுப்பிவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். "கண்ணாடி வர்ற வரைக்கும் உம்ம கண்ணுதான்வே எனக்குக் கண்ணு."

சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தோம். மறுநாள் காலை லாங் ஐலண்டு போட். விட்டால் அடுத்தது ஒரு மாசம் கழித்து. நான் கோடு போட்டுப் புரட்டிப் பார்த்துச் சொல்ல, அவர் திருக, கைப்பிடியில் ஆணியால் நம்பர் கீற, அரக்கு வைக்க என்று நாலு முடிந்தது. அப்போது கப்பலின் சங்கு ஊதியது.

மெயின்லேண்ட் கப்பல் சங்கு ஊதினால் போர்ட்பிளேர் காலியாகிவிடும். கடிதம், வெங்காயம், பேப்பர் எல்லாம் அதில்தான் வரவேண்டும். பெண்டாட்டி கடிதத்துக்காக ஓடத் துடித்தேன் என்று எழுதினால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். அது பொய். வாரப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை. கதாநாயகி கிணற்றுச் சுவரில் ஏறி நின்றதோடு போன இதழ் முடிந்திருந்தது. கட்டு பிரித்த பத்து நிமிஷத்தில் பத்திரிகை தீர்ந்துவிடும்.

"அஞ்சாவது எப்படிவே?"

"சரியா இருக்கு அண்ணாச்சி."

"புரட்டிப் பாத்தீரா?"

"பாத்தாச்சு, பாத்தாச்சு."

"ஆறு?"

"ஜோர்!"

வெற்றிலை போடும் நேரத்தில் பன்னிரண்டும் முடிந்தன. நாலுக்குப் பிறகு நான் ஒன்றையும் புரட்டவில்லை. அவர் ஒவ்வொன்றுக்கும் பக்தியோடு அரக்கு வைத்து, "நல்ல கண்ணுவே உமக்கு" என்று முதுகில் தட்டினார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்தக் கப்பலில் அவர் கண்ணாடி வரவில்லை. என் பத்திரிகை வந்தது. கதாநாயகி குதிக்கவில்லை.

ஒரு மாசத்தில் பெட்டி திரும்பி வந்தது. உள்ளே இருந்த மூலைமட்டங்களை நம்பி லாங் ஐலண்டில் கதவு செய்திருக்கிறார்கள். ஒரு கதவும் நிலையில் பொருந்தவில்லையாம். மேலே ஒரு துண்டுக் காகிதம்: "யே நப்பே நஹீன், அஸ்ஸீ ஹை." இது தொண்ணூறு இல்லை, எண்பது. ஆபீஸ் விழுந்து விழுந்து சிரித்தது. பெரிய ஆபீசர் ஃபைலை மூடிவிட்டார். மறுநாள் முதல் பியூன் அண்ணாச்சியை 'அஸ்ஸீ பாபு' என்று கூப்பிட்டான். அவரும் என்ன என்று திரும்பினார்.

அதற்குள் கண்ணாடி வந்திருந்தது. நான் பக்கத்தில் நிற்க, பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். ஒன்று முதல் நாலு வரை ஒரே கோடு. ஐந்து விரிந்தது. ஆறு விரிந்தது. பன்னிரண்டு வரை விரிந்துகொண்டே போனது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். சொல்லியிருக்க வேண்டும். பாவி, நான் குனிந்து பெட்டி மூடியை எடுத்துவைத்தேன்.

"மழைவே," என்றார். "படாக்கையும் ஊத வச்சிட்டுது."

கேட்டவர்களுக்கெல்லாம் அதையேதான் சொன்னார். அந்த மாசம் முழுக்க தீவில் ஒரு சொட்டு மழை கிடையாது. மிச்ச சிலேட்டுகளை வாத்தியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்குப் பிறகு கொடிக்கம்பத்தை அவர் அண்ணாந்து பார்த்து நான் பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு டிரான்ஸ்ஃபர் வந்தது. என் கட்டில் ஜெட்டியிலிருந்து கப்பலில் ஏறிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். பிரித்தேன். சிலேட்டு அலகு, படாக் கைப்பிடி. நம்பர் பதிமூன்று. திருகின்மேல் ஒன்றுமில்லை.

"அரக்கு வைக்கலையே, அண்ணாச்சி?"

"நீரு இன்னும் பாக்கலையேவே. பொறவு எப்படி வைக்க?"

அவ்வளவுதான் சொன்னார். கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. சங்கு ஊதியது. என்னை ஏணியில் ஏற்றிவிட்டார்கள். ஊருக்கு வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். ஆள் ரிட்டயராகிப் போய்விட்டார், விலாசம் தெரியாது என்று அது திரும்பி வந்தது.

பதிமூன்றாம் நம்பர் என் மேஜையில்தான் இருக்கிறது. இதை எழுதுவதற்கு முன்னால் பலகையில் ஒரு கோடு போட்டேன், புரட்டி இன்னொன்று போட்டேன். ஒரே கோடாக விழுந்தது.

சரியா இருக்கு, அண்ணாச்சி. பாத்துட்டுத்தான் சொல்றேன்.