பனி ஒழியும் என்றதும் கைதட்டியவர்கள்

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே எழுதிவிட்டால், கடைசிப் பந்திவரை வந்து நீங்களாகவே கண்டுபிடிக்கிற சிரமம் மிச்சம். கனடாவில் இறங்கிய நாளிலிருந்து பனியைத் திட்டாத ஒரு மார்கழி எனக்கு இருந்ததில்லை. அப்படிப்பட்ட நான், பனியைக் காப்பாற்றுவதற்கென்றே தொடங்கிய ஓர் அமைப்பில் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். (சேர்ந்தது பரவாயில்லை. அங்கே வாயைத் திறந்ததுதான் பிழை.)

ஊரில் யுத்தம் முடிந்த வருஷம் அது. அந்த வசந்தம் முழுக்க டவுன்டவுன் தெருக்களில் பதாகையும் கையுமாக நின்றோம். பிறகு ஒருநாள் நிற்பதற்குக் காரணம் இல்லாமல் போயிற்று. கோடையில் யாரும் யாருடனும் அதிகம் கதைக்கவில்லை. நான் வேலை செய்த பிளாஸ்டிக் தொழிற்சாலையும் அந்தக் கோடையிலேயே மூடப்பட்டது. என் மனைவி வாசுகிக்கோ அஜக்ஸில் ஒரு வீடு மனதில் விழுந்திருந்தது. வங்கிக்காரன் நிரந்தர வேலைக் கடிதம் கேட்டான். வாசுகி வயோதிபர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிப்பவள். காலையில் இரண்டு மணித்தியாலம், பின்னேரம் இரண்டு மணித்தியாலம் என்று துண்டு துண்டாகக் கிடைக்கிற வேலை. அதற்கு யாரும் கடிதம் தருவதில்லை. ஆகவே கடிதம் என் பக்கத்திலிருந்துதான் வரவேண்டும்.

அப்போது கண்ணில் பட்டதுதான் அந்த அமைப்பு. பனிச்சறுக்கு வீரர்கள், பனிப்பலகை ஓடுபவர்கள், உறைந்த அருவியில் ஏறுகிற ஒருவர், இவர்களெல்லாம் சேர்ந்து நடத்துவது. பூமி சூடாகிறது, பனிக்காலம் வரவரச் சுருங்குகிறது, எங்கள் விளையாட்டும் பிழைப்பும் அதோடு போகிறது என்று அரசியல்வாதிகளின் வாசலில் போய் நிற்பார்கள். தலைவியின் பெயர் ஹெதர். கனடாவுக்காக மலைச்சரிவுகளில் ஓடியவர். அதற்குக் கூலியாக இரண்டு முழங்காலிலும் உலோகம்.

நேர்முகத்தில் அவர், உனக்கு எந்தக் குளிர்கால விளையாட்டு வரும் என்று கேட்டார். வாசல் பனியை அள்ள ஷவல் போடுவேன் என்றேன். அறை முழுக்கச் சிரித்தது. நான் பகிடி விடவில்லை.

அவர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. ஸ்காபரோ எம்.பி. ஒருவர் இவர்களுடைய மனுவை வாங்கிப் பார்த்துவிட்டு, பனிச்சறுக்கு காசு உள்ளவர்களின் கவலை, என் தொகுதியில் பஸ்ஸுக்கு நிற்கிற சனம் கையெழுத்து வைத்தால் பாராளுமன்றத்துக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்தச் சனத்தை எங்கே பிடிப்பது என்று ஹெதர் என்னைக் கேட்டார். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஸ்காபரோத் தமிழர்கள் முழுப்பேரும் என் ஒரு தொலைபேசி அழைப்புக்குத்தான் காத்திருக்கிறார்கள் என்றேன். உடனே வேலை கிடைத்தது. தற்காலிக வேலை. கூட்டத்தை நடத்தி, கையெழுத்துகளையும் வாங்கிக் கொடுத்தால் நிரந்தரம்.

தொலைபேசியை எடுத்த பிறகுதான் என் செல்வாக்கின் நீள அகலம் தெரிந்தது. அந்த வருஷம் கூட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் சனத்துக்குக் கால் உளைந்தது. "இன்னும் எந்த றோட்டிலையடா நிக்கச் சொல்லுறாய்?" என்று கேட்டார் துரை அண்ணை. றோட்டில் இல்லை, மண்டபத்துக்குள், ஹீட்டர் உண்டு, பதாகை இல்லை, கோஷம் இல்லை, நாற்காலி உண்டு, மட்டன் ரோல்ஸ் உண்டு என்று ஒவ்வொருவருக்கும் ஒப்புவித்தேன். என்ன விஷயம் என்று கேட்டவர்களிடம், வெள்ளைக்காரப் பிள்ளைகள் பனியைப் பற்றிக் கதைக்க வருகிறார்கள் என்றேன். அதில் பொய் இல்லை. பனி வேண்டுமென்றா வேண்டாமென்றா என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை. பனியைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் இருக்கலாம் என்று எங்களில் யாருக்குத்தான் தோன்றும்?

கூட்டம் தைமாதத்து ஞாயிற்றுக்கிழமை, மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் மேல்மாடி மண்டபத்தில். முதல்நாள் இரவிலிருந்து கொட்டோ கொட்டென்று கொட்டியது. வந்தவர்கள் எல்லோரும் வீட்டு வாசலை வெட்டித் திறந்து, காரைத் தோண்டி எடுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறினார்கள். ஆனாலும் மண்டபம் நிறைந்தது. (ரோல்ஸின் மகிமை.) யன்னலால் வெளியே பார்த்த ஹெதர், எவ்வளவு அழகான நாள் என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

மேடையில் ஹெதரும் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளனாக நானும் நின்றோம். கலியாணத்துக்குப் போட்ட கோட் சூட்டை நான் மறுபடி போட்டிருந்தேன். பொத்தான் பூட்டுப்படவில்லை. மலைகள், வெண்பனி, விடியல் வெளிச்சம் என்று படங்கள் ஓடின. ஹெதர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்: இப்படியே போனால், எங்கள் பேரப்பிள்ளைகள் இந்த நகரத்தில் பனியையே காணமாட்டார்கள்.

இதை நான் அட்சரம் பிசகாமல் தமிழில் சொன்னேன்.

முன்வரிசையில் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு இருந்த ஈஸ்வரி அன்ரி, நல்ல கையால் தொடையில் தட்டத் தொடங்கினா. கார்த்திகை மாதம் பஸ் தரிப்பிடத்தில் வழுக்கி விழுந்து கையை முறித்தவ. அவவுக்குப் பின்னால் இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை என்று மண்டபம் முழுக்கக் கைதட்டியது. யாரோ விசிலும் அடித்தார்கள். கனடாவுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அரசாங்கமோ அமைப்போ எங்கள் சனத்துக்குச் சொன்ன முதல் நல்ல செய்தி அதுதான்.

ஹெதரின் கண்கள் கலங்கிவிட்டன. எந்த ஊரிலும் இந்த வரிக்கு யாரும் கைதட்டியதில்லையாம். என்ன சொல்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். அந்த இடத்தில் ஒரு மனிதன் உண்மையைச் சொல்லியிருப்பான். எனக்கோ அஜக்ஸ் வீட்டின் யன்னல் சீலைகூடத் தெரிந்தது. மிகவும் நெகிழ்ந்துபோய் இருக்கிறார்கள் என்றேன்.

ஈஸ்வரி அன்ரி கையை உயர்த்தினா. "தம்பி, உது எப்ப நடக்குமாம்? கொஞ்சம் கெதியா நடக்க நாங்கள் ஏதும் செய்யலாமோ எண்டு கேளும்."

எவ்வளவு விரைவாக நாங்கள் செயற்படலாம் என்று இந்த அம்மா கேட்கிறா என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஹெதர் மேடை விளிம்புக்கே போய், இன்றைக்கே, இப்போதே, ஒவ்வொருவரும் தங்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாம் என்றார். அதை அப்படியே தமிழில் சொன்னேன். மறுபடி கைதட்டல். இந்த முறை எழுந்து நின்று தட்டினார்கள்.

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் மண்டபத்தில் இருந்தார்கள். அவர்கள் பின்வரிசையில் சுவரில் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாவியாவது எழும்பி நிறுத்தவேண்டுமே. இல்லை. ரோல்ஸோடு நாடகமும் இலவசம் என்று இருந்துவிட்டார்கள்.

ஹெதருக்கு உற்சாகம் தலைக்கேறி, நீங்கள் வீட்டில் ஏற்கெனவே என்னென்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். நான் அதையும் கேட்டேன். நடுவரிசையில் ஒருவர் எழுந்து, காலமை காரை அரை மணித்தியாலம் ஸ்டார்ட்டில் விட்டுத்தான் எடுக்கிறனான், புகை நல்லாப் போகும், அது உதவுமோ என்றார். இன்னொருவர், தான் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு யன்னலையும் திறந்துவிடுவதாகச் சொன்னார். ஹெதர் நம்பிக்கையோடு என் வாயைப் பார்த்தார். கார்களைப் பற்றி ஆழமாகச் சிந்திக்கிறார்கள் என்று தொடங்கினேன்.

அப்போதுதான் கதவடியில் ஒருவர் கையை உயர்த்தினார். வேலை முடிந்து நேரே வந்தவள், சீருடையும் சப்பாத்தில் பனியுமாக நின்றாள். வாசுகி.

அவள் ஆங்கிலத்தில் பேசினாள், மெதுவாக, மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை வாசிப்பதுபோல. மன்னிக்கவேண்டும், மேடையில் நிற்பவர் என்னுடைய புருஷன், அவர் சரியாகச் சொல்லவில்லை. இந்தச் சனம் கைதட்டினது பனி ஒழியப்போகிறது என்ற சந்தோஷத்தில். அந்த அன்ரி கேட்டது, இன்னும் கெதியாக ஒழிக்க வழி உண்டா என்று. காரை ஓடவிடுகிறவர் தான் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஹெதர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மலையிலிருந்து தலைகீழாக உருண்டபோதுகூட அவர் முகம் அப்படி ஆகியிராது. கோட்டுக்குள் இருந்து காணாமல் போகிற வித்தை ஏதாவது இருந்தால் நான் அப்போது செய்திருப்பேன். கூட்டம் இதோடு முடிந்தது, எம்.பி.க்கும் விஷயம் போய்விடும், மனுவும் குப்பைக்கூடைக்கு என்று நினைத்தேன்.

ஆனால் ஹெதர் ஓட்டக்காரி. விழுந்தால் எழும்பத் தெரியும். படக்கருவியை நிறுத்தச் சொன்னார். மேடை விளிம்பில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். வாசுகியைப் பக்கத்தில் கூப்பிட்டு, பனி உங்களுக்கு என்ன செய்தது என்று கேள் என்றார். எனக்கு ஓரமாக ஒரு நாற்காலி காட்டப்பட்டது.

கேட்கவேண்டுமா? முதல் வருஷம் இரவல் ஜக்கெற்றோடு நின்ற கதை, விடியற்காலை வேலைக்குப் போகப் பஸ் வராத கதை, செத்தவீட்டுக்கு வந்த கார்கள் ஏற்றத்தில் சறுக்கிப் பின்னுக்கு வந்த கதை. வாசுகி ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஹெதர் தன் முழங்கால் தழும்பைக் காட்டி, எனக்கும் அது செய்திருக்கிறது என்றார். அன்றைக்கு அவர் சொன்னதில் முதன்முறையாகச் சரியான இடத்தில் சனம் சிரித்தது.

பனிக்கு ஆதரவாக எழுந்தவர் ஒரே ஒருவர், துரை அண்ணை. குளிர்காலத்தில் பிளாசாக்களின் பனி தள்ளுகிற ட்ரக் அவருடையது. "எல்லாரும் சும்மா இருங்கோ. பனி பெய்யாட்டி என்ரை ட்ரக்கை வச்சு நான் கச்சான் கடலையோ விக்கிறது?" என்று சொல்லிக்கொண்டே வந்து மனுவில் முதல் கையெழுத்தைப் போட்டார். அந்த அமைப்பில் இருந்த வீரர்கள் ஒருவரும் அவரளவுக்குப் பனியை நேசித்தார்களா என்பது சந்தேகம்.

ஆனால் அவருக்குப் பின்னால் ஒருவரும் எழும்பவில்லை. துரை அண்ணையின் ட்ரக்குக்காக யார் கையெழுத்து வைப்பது?

ஈஸ்வரி அன்ரி மறுபடி கையை உயர்த்தினா. இந்த முறை குரலில் பகிடி இல்லை. இங்கத்தைப் பனி போகட்டும், உலகத்தில் மற்ற இடத்துப் பனிமலை எல்லாம் உருகினால் அந்தத் தண்ணி எங்கே போகும் என்று கேட்டா. கடலுக்கு என்றார் ஹெதர், கடல் உயரும்.

"எந்தக் கடல்?"

எல்லாக் கடலும் என்று வாசுகி சொன்னாள்.

"மயிலிட்டிக் கடலுமோ?"

வாசுகி இதை மொழிபெயர்க்கவில்லை. ஹெதருக்கு மயிலிட்டி எங்கே இருக்கிறதென்று தெரிய நியாயமில்லை. எங்களுக்குத் தெரியும். கடலோடு ஒட்டின, அன்ரியின் ஊர். யுத்தம் நடந்த காலத்தில் சனத்தை எழுப்பிவிட்டு இராணுவம் பிடித்துக்கொண்ட இடம். யுத்தம் முடிந்துவிட்டதே, இனி விடுவார்கள் என்று அந்தக் குளிர்காலம் முழுக்க அன்ரி எல்லோரிடமும் சொல்லித் திரிந்தா. வாசுகி அன்ரியைப் பார்த்து, ஓம் என்று மட்டும் சொன்னாள்.

அன்ரி மாவுக்கட்டுக் கையை மடியில் எடுத்து வைத்தா.

"அப்ப ஆமி விட்டாலும் கடல் விடாது போல கிடக்கு," என்றா.

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம். வசந்தத்துக்குப் பிறகு ஒரு கூட்டமாக இருந்து நாங்கள் சிரித்தது அதுதான் முதல்தரம், அதில் சிலர் கண்ணைத் துடைத்ததையும் நான் கண்டேன். சிரிப்பு அடங்குமுன் அன்ரி எழும்பி, முறியாத இடக்கையால் கோணல்மாணலாகக் கையெழுத்து வைத்தா. பிறகு வரிசை கதவுவரை போனது. காரை ஓடவிடுகிறவரும் நின்றார், தலையைக் குனிந்துகொண்டு.

மனு போய்ச் சேர்ந்தது, எம்.பி. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அஜக்ஸ் வீட்டையும் வாங்கினோம், ஆனால் ஹெதர் வாசுகிக்குக் கொடுத்த வேலைக் கடிதத்தில். இன்று அவள் அந்த அமைப்பின் இயக்குநர் சபையில் இருக்கிறாள். வருஷத்துக்கு ஒருமுறை பனிச்சறுக்கும் போகிறாள். நான் கீழே கன்ரீனில் இருந்து எல்லோருடைய பைகளையும் பார்த்துக்கொள்வேன். வீட்டில் யார் நீட்டி முழக்கிப் பேசினாலும், விருந்தாளியாக இருந்தால்கூட, பிள்ளைகள் இரண்டும் அம்மாவைத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. நான் வாயெடுத்தால் சின்னவள், "ப்ளீஸ் அப்பா, அம்மா சொல்லட்டும்," என்பாள்.

அந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்ததே நான்தான், கூட்டம் முடிந்த அன்று பின்னேரம். ஹெதர் எங்கள் கார்வரை நடந்து வந்து, பனி கொட்டக் கொட்ட யன்னலடியில் நின்று என்னிடம் நிறையப் பேசினார். என்னுடைய உற்சாகம் அபூர்வமானதாம். மனிதர்களை ஒன்றுசேர்க்கும் வரம் எனக்கு இருக்கிறதாம். ஒவ்வொரு திறமைக்கும் அதற்கேற்ற ஒரு களம் எங்கோ காத்திருக்கிறதாம். நான் நன்றி, நன்றி என்று தலையாட்டினேன். வாசுகி காரை எடுத்தாள். ஸ்டீல்ஸ் அவெனியூவில் ஏறும்வரை பொறுத்திருந்து மெல்லக் கேட்டேன், அவ்வளவு நேரமாக அவ என்னதான் சொன்னவ என்று.

வாசுகி றோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேலை இல்லையாம்."