போர்வை போர்த்திய பிக்கப்

இனிமேல் என் வண்டிமேல் எந்த மெக்கானிக்கின் கையும் படாது என்று நான் கூடத்து நடுவில் நின்று அறிவித்தபோது, என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. என் வீரத்தை நினைத்துத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

வண்டி என்றால் டீசல் பிக்கப்; முன்னால் இரண்டு வரிசை சீட், பின்னால் திறந்த தொட்டி. வீடு மாற்றுகிறவர்களின் கட்டிலையும் பீரோவையும் சுமந்து எங்களுக்குச் சோறு போடுகிற வண்டி. மத்தியானத்தில் சாவியைக் காட்டினாலே கிளம்பிவிடும். குளிர்காலக் காலையில் மட்டும் இருமும், வெள்ளையாகப் புகை விடும், திரும்பப் படுத்துக்கொள்ளும்.

அதைப் பார்க்க வந்த மெக்கானிக்குக்கு எங்கள் தெருவில் ‘பொறுங்க’ என்று பெயர். எதைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வான். அன்றும் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, தெருவே கேட்கிற மாதிரி சொன்னான்.

“பொறுங்கண்ணே. காலையில இன்ஜினைச் சூடாக்குற ஹீட்டர் பிளக் போயிருக்கும். அதை மாத்தாம சும்மா சாவியைத் திருகிக்கிட்டே இருந்தா, பாட்டரியும் போகும், உங்க கட்டைவிரலும் போகும்.”

பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அதனால்தான் அந்த அறிவிப்பு.

“இன்ஜின்ல தீ பத்தலை. அவ்வளவுதான் விஷயம். நானே பாத்துக்கறேன்” என்றேன் மனைவியிடம்.

“எனக்கென்னவோ வேற எதுவோ பத்தலைன்னு தோணுது.”

“வேற என்ன?”

“டீசலா இருக்கும், விடுங்க” என்றவள், குரலைத் தாழ்த்தினாள். “மாடியில இருக்கறவளுக்கு மாசம் நெருங்குதுங்க. திடீர்னு வலி எடுத்தா இந்த வண்டியை நம்பியா கிளம்பறது?”

மாடியில் மகளும் மாப்பிள்ளையும் இருந்தார்கள். மாப்பிள்ளையிடம் சைக்கிள்தான் உண்டு.

“நான் இருக்கேன்ல?” என்றேன்.

“அதாங்க பயமா இருக்கு.”

வைத்தியத்தை ஆரம்பித்தேன். டீசல் ஃபில்டரில் தண்ணீர் தேங்கியிருக்கும் என்று வடித்தேன். டீசல்தான் வந்தது. இன்ஜின் ஆயில் மாற்றினேன். இருமல் நிற்கவில்லை. கடைசியில், குளிர்தானே எதிரி என்று ஒரு கம்பளிப் போர்வையை எடுத்துத் தினமும் சாயங்காலம் பானெட்மேல் போர்த்தினேன். அது மனைவியின் போர்வை. நான் என்னுடையதை எடுத்தால் எனக்குக் குளிருமே.

“வண்டிக்குக் காய்ச்சலா சார்? கஷாயம் குடுத்துப் பாத்தீங்களா?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

காலையில் பிக்கப் இரண்டு முறை இருமிவிட்டுத் தூங்கிப்போனது. போர்வை இருந்ததால் இன்னும் சுகமாகத் தூங்கியது.

திடீரென்று ஒருநாள் மனைவி என் பக்கம் சாய்ந்தாள்.

“ஏங்க, நீங்க சொன்னது சரிதான். மெக்கானிக்குக்கு என்ன தெரியும்? பாட்டரியைக் கழட்டிக்கிட்டுப் போயி கடையில முழுசா சார்ஜ் ஏத்திட்டு வாங்க. பக்கத்துலயே உக்காந்திருங்க, ஆளில்லைன்னா மாத்திக் குடுத்துடுவாங்க.”

ஆஹா, இவளல்லவோ மனைவி! ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருப்பதுபோல நாள் முழுக்க அந்தப் பாட்டரியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை சாவியைத் தொட்டேன். வண்டி கர்ஜித்தது. புகை இல்லை, இருமல் இல்லை.

“பாத்தியா! பாட்டரியும் போர்வையும்!”

“பெரிய ஆளுங்க நீங்க” என்றாள். அன்று எனக்கு மட்டும் இன்னொரு டம்ளர் காபி கிடைத்தது.

அந்த வாரமே, விடிகிற நேரத்தில் மகளுக்கு வலி எடுத்துவிட்டது. வெளியே பல் கிட்டுகிற குளிர். ஆம்புலன்ஸ் வேறு ஊர்ப் பக்கம் போயிருப்பதாகச் சொன்னார்கள். பின்சீட்டில் மகளைப் படுக்கவைத்து மனைவி மடியில் தாங்கிக்கொண்டாள். மாப்பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டி கிளம்பும் முன்பே இல்லாத பிரேக்கை மிதித்தார். சாவியைத் திருகினேன். ஒரே திருகல்தான். கிளம்பிவிட்டது.

பெண் குழந்தை. “இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ரெண்டு பேருக்குமே சிக்கலாகியிருக்கும்” என்றார் டாக்டரம்மா.

எனக்கு அவ்வளவு போதும். வராந்தாவில் கிடைத்தவர்களையெல்லாம் பிடித்துக்கொண்டேன். வாட்ச்மேனுக்குப் போர்வையை எப்படி மடிக்க வேண்டும் என்று விளக்கினேன். கையில் கட்டுப் போட்டிருந்த ஒருவர் எழுந்து போக முடியாமல் முழுவதும் கேட்டார். மனைவி வெளியே எட்டிப் பார்த்தாள். “இந்தாங்க, உள்ள போன் கூடாதாம். யாராவது கூப்பிட்டா எடுங்க” என்று தன் போனை என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

உடனே அது அடித்தது.

“அக்கா! வண்டி எடுத்துதா? ஹீட்டர் பிளக் நாலும் புதுசு, கவலையே படாதீங்க. அன்னிக்கு அண்ணன் பாட்டரிக்குக் காவல் போனப்பவே மாத்திட்டோமே! அவருக்கு இன்னும் தெரியாதுல்ல?”

“தெரிஞ்சுடுச்சுப்பா” என்றேன்.

அந்தப் பக்கம் “பொறுங்கண்ணே...” என்றது. கட்டாகிவிட்டது.

முதலில் காது சுட்டது. கட்டுப் போட்டவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மனைவி, குழந்தையைக் கையில் வைத்தபடி, உட்காரவும் தோன்றாமல் நின்றிருந்தாள். என் போர்வையை மட்டும் நம்பியிருந்தால்? கோபம் வரவேண்டிய இடத்தில் அழுகை வந்தது.

அவள் வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ரொம்ப நன்றிம்மா.”

“எதுக்குங்க?”

“எல்லாத்துக்கும். போன் வந்துது. ‘பொறுங்க’ வாய் தவறி உளறிட்டான். பாவம், அவனைத் திட்டாதே.”

“அவன் எங்கங்க உளறினான்? உங்க பேச்சை நிறுத்தச் சொல்லி நர்ஸம்மா கெஞ்சினாங்க. நான்தான் அவனைக் கூப்பிடச் சொன்னேன்.”