செல்வசிங்கின் குளிர்விக்கும் காலம்

சூதாடி என்றதும் நம் எல்லார் மனத்திலும் ஒரே உருவம்தான் வருகிறது. கலைந்த தலை, தூக்கமில்லாமல் சிவந்த கண், பெண்டாட்டி கழுத்துச் சங்கிலியின் மேல் ஓயாத பார்வை. அந்த இனத்தைப் பற்றி ஆளாளுக்குச் சொல்லியாகிவிட்டது. அதைத் திருத்துகிறவர்களும் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். இப்போது சொல்லப்போவது வேறு இனம். படிய வாரிய தலை, தேய்த்த சட்டை, சாப்பாட்டுக்கு முன் ஜெபம், யாரிடமும் கடன் கேட்காத வாய், யாருக்கும் இலவசமாகப் புத்தி சொல்லும் அதே வாய். இவர் சூதாடுவதில்லை. பொறுப்பாகச் சூதாடுகிறார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். சொல்லுவார். சொல்லி முடிப்பதற்குள் உங்கள் டியூட்டி பஸ் போயிருக்கும்.

இந்த இனத்துக்கு நல்ல மாதிரி வேண்டுமென்றால் வளைகுடா நாட்டு முசஃபாவில், தொழிலாளர் தங்கும் ஒரு கம்பெனி கேம்ப்பில் இருக்கும் செல்வசிங்கைப் பார்க்கலாம். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், ஏசி மெக்கானிக். தொழிலில் கெட்டிக்காரர். அவர் கை பட்ட ஏசி மறுபடி மக்கர் செய்ததாகக் கேள்வியில்லை. ரூமில் அவரோடு இருப்பவர்கள் இரண்டு பேர். ஒருவன் பரமக்குடிக்காரன் கார்மேகம், வெல்டர். இன்னொருவர் ஸ்டோர் கீப்பர் சாகிர், கீழக்கரைக்காரர். இருவரும் சூதாடியதே இல்லை. ஆனாலும் பத்திரமாகச் சூதாடுவது எப்படி என்று உலகத்தில் யாரையாவது எழுப்பிக் கேட்டால் இந்த இருவரும் தூக்கத்திலேயே ஒப்பிப்பார்கள். அவ்வளவு கேட்டிருக்கிறார்கள்.

செல்வசிங் ஒரு இணையச் சூதாட்டத் தளத்தை எடுத்த எடுப்பில் நம்பிவிட மாட்டார். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிப்பதுபோல விசாரிப்பார். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதா? இருக்கிறது. உதவி கேட்டால் அந்தப் பக்கத்துப் பெண் 'டியர்' போட்டுப் பதில் அனுப்புகிறாளா? அனுப்புகிறாள். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'பொறுப்பான சூதாட்டம்' என்று ஒரு பகுதி இருக்கிறதா? இருந்தால் தீர்ந்தது.

"லே கார்மேகம், பொறுப்பில்லாத்தவன் பொறுப்பப் பத்தி எழுதுவானா? நீயே சொல்லு."

"எழுத மாட்டான்ணே."

"அவ்வளவுதாம்லே விஷயம்."

அனுமதி இல்லாத தளத்தில் ஆடினால் இந்த நாட்டில் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களே, அது பாதுகாப்பில் சேராதா என்று சாகிர் ஒரு தடவை கேட்டார். "அதுக்குத்தான் போர்வைக்குள்ள வச்சு ஆடுதேன்" என்றார் செல்வசிங். சட்டம் போர்வைக்குள் வராது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

அந்தப் 'பொறுப்பான சூதாட்டம்' பகுதியை உலகத்தில் ஒருவரும் படிப்பதில்லை. எழுதியவனே படித்திருக்க மாட்டான். ஏனென்றால் அதைத் தமிழாக்கியது ஏதோ ஒரு இயந்திரம். செல்வசிங் மட்டும் அதை வேதவசனம்போல வரிவரியாக வாசித்தார், வாசித்தபடியே நடந்தார். 'தன்னைத்தானே விலக்கிவைத்தல்' என்று ஒரு வரி இருந்தது; ஆட்டத்திலிருந்து என்பது அதில் விட்டுப்போயிருந்தது. உடனே கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டி, பெட்ஷீட்டைத் திரையாகத் தொங்கவிட்டு, அதற்குள் தன்னைத்தானே விலக்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக ஆடினார். 'அவ்வப்போது உண்மை சரிபார்ப்பு அவசியம்' என்று இன்னொரு வரி. அந்த வேலை கார்மேகத்தின் தலையில் விழுந்தது. துணி அலசிவிட்டு வரும்போதும், சோறு வடிக்கும்போதும் திரைக்கு வெளியே நின்று அவன் குரல் கொடுப்பான்.

"அண்ணே, உண்மையா?"

"உண்மதாண்டே."

"சரிண்ணே."

சரிபார்த்தாயிற்று. இன்னொரு மணி நேரத்துக்குக் கவலை இல்லை.

இதெல்லாம் விளையாட்டு என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் பகுதியில் இன்னொரு வரி இருந்தது: 'இழக்க முடிந்த பணத்தில் மட்டும் விளையாடவும்.' எது இழக்க முடிந்த பணம்? செல்வசிங் இதைப் பற்றிப் பல நாள் யோசித்தார். சம்பளம் வீட்டுக்கு உரியது. வந்த அன்றே எக்ஸ்சேஞ்சுக்குப் போய் மனைவி எப்சிபாவின் பெயருக்கு அனுப்பிவிடுவார், அதில் கை வைத்தால் பாவம். ஓவர்டைம்? அது சம்பளம் இல்லை, வியர்வை. வியர்வை எப்படியும் போகிற பொருள்தானே. வில்லாவில் ஏசி கழுவியதற்கு அரபி கொடுத்த பக்‌ஷீஸ்? வராமல் இருந்திருக்கக்கூடிய காசு, ஆகவே போகலாம். இந்த வரிசையில்தான் டிக்கெட் காசும் வந்து நின்றது.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போய்வரக் கம்பெனி டிக்கெட் கொடுக்கும். டிக்கெட் வேண்டாம், காசாகக் கொடு என்றால் காசாகவும் கொடுக்கும். செல்வசிங் காசாக வாங்கியிருந்தார். ஆகஸ்ட் மாதம் லீவு. இந்த லீவு சாதாரண லீவு இல்லை. போன தடவை ஊரிலிருந்து அவர் விமானம் ஏறிய பிறகு பிறந்தவள் ஜெஸ்மி. இப்போது ஓடுகிறாள், கோழி துரத்துகிறாள். அப்பா என்பவர் போனுக்குள் வசிக்கிற ஒருவர் என்றே அவளுக்கு எண்ணம். இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. அப்பன் வந்து கையில் ஏந்தினால்தான் பிள்ளைக்குத் தண்ணீர் தெளிக்கலாம் என்று எப்சிபா பிடிவாதமாக இருந்தாள். போதகருக்கு வருத்தம், மாமியாருக்குக் கோபம், அவள் அசையவில்லை. எல்லாருக்கும் ஆகஸ்டுதான் பதில்.

"டிக்கெட்டு எடுத்தாச்சாண்ணே?" என்று சாகிர் தினமும் கேட்டார்.

"எடுப்பேம்டே. அந்தக் காசுல ஒரு ரெண்டு ஆட்டம் ஆடினா பிசினஸ் கிளாஸ்ல கால நீட்டிப் போலாமில்லா?"

காலை மடக்கிக்கொண்டு போனால் பிள்ளை மடியில் உட்கார மாட்டாளா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். வெளியே கைப்பிடியைத் தொட்டால் தோல் உரியும் வெயில். பிரியாணி சாப்பிட்டுவிட்டு செல்வசிங் திரைக்குள் தன்னை விலக்கிவைத்துக்கொண்டார். சுழலும் சக்கரம் முதலில் இரண்டு தடவை அவர் பக்கம் நின்றது. "யல்லா!" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. நல்ல சூதாட்டத்தில் முதல் பாதிக்குத்தான் சத்தம் இருக்கும். கொஞ்ச நேரத்தில் திரை விலகி, காது இரண்டும் சிவந்துபோய், நெற்றியில் வியர்வையோடு செல்வசிங் வெளிப்பட்டார். கையில் போன். போனில் அந்தப் பொறுப்புப் பகுதி.

"மக்களே, இதுக்கும் வழி போட்டிருக்கான்" என்று வாசித்துக் காட்டினார். "'ஆட்டம் சூடேறினால் குளிர்விக்கும் காலம் அமைக்கவும். குறைந்தது இருபத்துநாலு மணி நேரம்.'"

உலகத்திலுள்ள எந்தச் சூதாடிக்கும் இந்த வரி ஒழுங்காகப் புரிந்திருக்கும். ஆட்டத்தை விட்டுவிட்டு ஒரு நாள் சும்மா இரு என்று அர்த்தம். ஆனால் படித்தவர் ஏசி மெக்கானிக். குளிர்விப்பது அவருடைய டிபார்ட்மெண்ட். வேறொருவன் தனக்கு அதைச் சொல்லித் தர வேண்டுமா? ரிமோட்டை எடுத்துப் பதினாறில் வைத்தார். போதவில்லை என்று பட்டது. ஸ்டூல் போட்டு ஏறி, மூடியைக் கழற்றி, அறை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் சின்ன சென்சாரை அதன் இடத்திலிருந்து உருவி, ஒயரை நீட்டி ஒட்டி, ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே வெயிலில் தொங்கவிட்டார். இனி அறைக்குள் பனியே பெய்தாலும் ஏசிக்குத் தெரியாது. அது வெளியே கொதிக்கிறது என்று நினைத்து ஊதிக்கொண்டே இருக்கும். பிறகு திருப்தியாக இறங்கி, திரைக்குள் போய், மறுபடி ஆட ஆரம்பித்தார்.

"அண்ணே, வெளையாட்ட நிப்பாட்டலையா?" என்றான் கார்மேகம்.

"நிறுத்தச் சொல்லி எங்கலே போட்டிருக்கு? குளிர்விக்கத்தான் சொல்லியிருக்கான். நீ வெப்ராளப்படாத."

சாயங்காலத்துக்குள் அந்த அறை முசஃபாவை விட்டு வெகுதூரம் போய்விட்டது. சாகிர், தன் மச்சான் கல்யாணத்துக்கென்று வாங்கி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வைத்திருந்த பெரிய கம்பளியைப் பிரித்து அதற்குள் இறங்கினார். கார்மேகம் வெல்டிங் கையுறையை மாட்டிக்கொண்டு டீ குடித்தான். ஏசியின் வாயில் பனிக்கட்டி கட்டி, கட்டி உருகி, சொட்டுச் சொட்டாக அவன் படுக்கையில் விழுந்தது. அதற்கு ஹெல்மெட் போட்டுக்கொண்டான். "வெரைக்குதுண்ணே, கை கால் எல்லாம் வெரைக்குது" என்று அவன் கெஞ்சியதற்குத் திரைக்குள்ளிருந்து, "எனக்கு இன்னும் சூடு எறங்கல" என்று பதில் வந்தது. பொய்யில்லை. தோற்கிறவனுக்கு எந்த ஏசி போதும்?

தண்ணீர் கதவுக்கடியில் ஓடி வராந்தாவுக்குப் போனதும், கேம்ப்பைக் கண்காணிக்கும் கேம்ப் பாஸ் ஓடி வந்தார். கதவைத் திறந்ததும் வாசல் முழுக்கப் பனி மூட்டம். ஹெல்மெட் போட்ட ஒருவன், கம்பளிக்குள் ஒருவர், திரைக்குப் பின்னால் ஒரு நிழல்.

"அரே பாய், யே க்யா ஹை?"

"கூலிங் பீரியட், பாய்" என்றது திரை.

"கித்னா டைம்?"

"சௌபீஸ் கண்டா" என்று இருபத்துநாலு மணி நேரத்தை இந்தியில் சொன்னது திரை.

கேம்ப் பாஸ் ஒரு நிமிடம் யோசித்தார். அவர் ரூம் ஏசி ஒரு வாரமாக ஓடவில்லை. "அச்சா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, கார்மேகத்தின் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

அப்போதுதான் திரைக்குள்ளிருந்து ஒரு சொல் வந்தது. சத்தமாக வரவில்லை. "கலாஸ்." எல்லாம் தீர்ந்தது என்று அரபியில் அர்த்தம்.

செல்வசிங் வெளியே வந்தார். முகத்தில் சிவப்பு இல்லை, வேறு எந்த நிறமும் இல்லை. திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆகஸ்ட் போய்விட்டது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் இந்த இனம் அந்த நிலையில் அதிக நேரம் நிற்காது.

"டிக்கெட்டு காசு எவ்வளவோ அவ்வளவுதான் போச்சு" என்றார் மெதுவாக. "ஒரு பைசா கூடப் போவலியே? கண்ட்ரோல்ல இருந்திருக்கேன், கேட்டியா. பொறுப்பில்லாத்தவனா இருந்தா கடன் வாங்கியில்லா ஆடியிருப்பான்."

"பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கப் போகணுமேண்ணே?" என்றான் கார்மேகம். அவனுக்கு அழுகையும் வந்தது, இந்த மனிதரை ஓங்கி ஒன்று வைக்கலாம் என்றும் வந்தது. கையுறையோடு இருந்ததால் இரண்டையும் செய்யவில்லை.

மறுநாள் செல்வசிங் டியூட்டி முடிந்து வந்ததும் எப்சிபா வீடியோவில் வந்தாள். மடியில் ஜெஸ்மி.

"என்னைக்கு வாறீங்க? போதகர் தேதி கேக்காரு."

"கம்பெனில ஆளு கொறவு எப்சிபா. லீவு மாஃபி, கெடயாதுன்னுட்டான். பொங்கல் கழிஞ்சு பாப்போம்."

அவள் பிள்ளையின் சட்டையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, "அப்பம் டிக்கெட்டு காசு?" என்றாள்.

"அது பத்திரமா இருக்கு."

இதைப் பொய் என்று சொல்ல முடியாது. அந்தத் தளத்துக்குள் போன காசு எதுவும் இதுவரை வெளியே வந்ததில்லை.

எப்சிபாவின் கண் நிறைந்தது. அவள் முகத்தைத் துடைக்கத் திரும்பிய நேரத்தில் ஜெஸ்மி போனுக்கு மிக அருகில் வந்தாள். போனுக்குள் வசிக்கிற மனிதரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு சின்ன விரலை நீட்டி, சிவப்புப் பொத்தானை அழுத்தி, அவரை அணைத்தாள்.

செல்வசிங் இருண்ட போனைச் சட்டையில் துடைத்தார். ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு கார்மேகத்தின் பக்கம் திரும்பினார்.

"பாத்தியாலே? நிறுத்தணும்னு தோணிச்சு, நிறுத்தீட்டா. எம் மவளில்லா!"

நீங்கள் இந்த இனமில்லை; தெரியும். உங்களுக்குச் சீட்டுக் கட்டில் ராஜாவையும் ராணியையும் பிரித்துப் பார்க்கக்கூடத் தெரியாது. இருந்தாலும், படித்துக்கொண்டு வரும்போது, இதை அவசியம் இன்னாருக்கு அனுப்ப வேண்டும், அவன் படித்தால் திருந்துவான் என்று ஒரு பெயர் உங்கள் மனத்தில் வந்துபோனதல்லவா? அனுப்புங்கள். தப்பில்லை. அவனும் இதைப் படித்த கையோடு, நீங்கள் திருந்தட்டும் என்று உங்களுக்குத்தான் அனுப்பலாம் என்றிருக்கிறான்.