மெதுவாக வாசிக்க வராதவர்

கிட்டார் வாசிப்பவர்கள்மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. கிட்டாரை விரட்டுபவர் என்று ஒரு வகை இருக்கிறார் பாருங்கள், அவரைப் பற்றித்தான் பேச்சு. கடலூரிலும் சிதம்பரத்திலும் பிரவுசிங் சென்டர்கள் பெருகியபோது இவரும் கூடவே பெருகினார். பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருப்பார், முடி வளர்த்திருப்பார், மேல்நாட்டுத் தேவாலயங்களில் ஆற அமர வாசித்த பழைய இசையை எலெக்ட்ரிக் கிட்டாரில் ஏற்றித் தலைதெறிக்க ஓட்டும் நியோகிளாசிக்கல் ராக் என்ற ஒன்றைத் திரையில் பார்த்திருப்பார், அன்றோடு அவருக்கு நிம்மதி போயிருக்கும். கிட்டார் வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருக்கும்.

கடலூர் செம்மண்டலம் ஜெயசீலனை எடுத்துக்கொள்ளுங்கள். பிக் என்கிற சின்னத் தகட்டைப் பிடித்துக் கீழே, மேலே, கீழே, மேலே என்று கம்பியை மீட்டுவதுதான் பயிற்சி. மெதுவாகத் தொடங்கு, ஒவ்வொரு ஸ்வரமும் தெளிந்த பிறகு வேகத்தைக் கூட்டு என்றுதான் எல்லாப் பாடமும் சொல்லும். நம்மவர் கேட்பாரா? கம்ப்யூட்டரில் தாளம் தட்டும் மெட்ரோனோமை எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் வைப்பார். மின்வெட்டு வந்தால் சந்தோஷப்பட்ட தெரு தமிழ்நாட்டிலேயே அது ஒன்றுதான்.

"ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டேன்டா" என்பார் அம்மா.

"பாட்டெல்லாம் அப்புறம்மா. மொதல்ல ஸ்பீடு வரட்டும்."

டிசம்பர் வந்தது. அவர் போகும் சர்ச் சபையின் இளைஞர்கள் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப் போகும் கேரல் ரவுண்ட்ஸுக்குக் கிட்டார் வாசிக்க ஆள் தேவைப்பட்டது. பாடகர் குழுவை நடத்துபவர் ப்ரீத்தி. அவரிடம் நல்ல பெயர் வாங்க ஜெயசீலன் தவியாய்த் தவிப்பது ப்ரீத்தியைத் தவிர சபையில் எல்லோருக்கும் தெரியும்.

"ஈஸிதாங்க. மெதுவா மூணு கார்டு போட்டா போதும்" என்றார் ப்ரீத்தி.

கார்டு என்றால் சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே மீட்டாக மீட்டுவது. அதில் வெறும் மூன்றா? ஜெயசீலன் மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

முதல் வீடு. தாலாட்டு மாதிரி நகர வேண்டிய பாட்டு. இடுப்பில் மாட்டிய பேட்டரி ஆம்ப்ளிஃபையரைத் திருகிவிட்டு ஜெயசீலன் கிளப்பினார் பாருங்கள், பாடுகிறவர்கள் முதல் வரியில் நிற்க, அவர் கடைசி வரியையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். கிட்டார் போகும் வேகத்துக்குத்தான் கிறிஸ்துமஸ் தாத்தா ஆடுவது வழக்கம். அந்த வேஷத்தில் இருந்தவர் ஜெயசீலனின் நண்பர் அன்பரசு. ஆடினார். ஆட்டமா அது? உதறல்! தொப்பைக்காகக் கட்டிய தலையணை முழங்காலுக்கு இறங்கியது.

"மச்சான், மெதுவாடா! தலவாணி அவுருது!" என்று முகமூடிக்குள்ளிருந்து அலறல்.

"மெதுவா வராதுடா! நீ ஆடு!"

தலையணை விழுந்தது. அதில் தடுக்கித் தாத்தாவும் விழுந்தார். அந்த வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதது.

ப்ரீத்தி பாட்டை நிறுத்தினார். "ஜெயண்ணா, கிட்டார உறையில போட்டுட்டு இந்த மிட்டாய்ப் பையத் தூக்கிக்கிங்கண்ணா."

காலையில் ஜெயசீலன் என்று இருந்தவர் பொழுது சாய்வதற்குள் அண்ணா ஆகிவிட்டார். பாவம், எனக்கே மனசு கேட்கவில்லை. அடுத்த வீட்டில் வெறும் கைதட்டலோடு பாடினார்கள், நன்றாகவே இருந்தது. ஜெயசீலன் மிட்டாய் கொடுத்தார்.

திருந்தினாரா? "அந்தப் பாட்டே ஸ்லோ மச்சான், அதான் எடுபடல" என்று அன்பரசுவுக்கு மறுநாள் விளக்கம் கொடுத்துவிட்டு, மெட்ரோனோமுக்கு இதைவிட வேகமான மென்பொருள் தேடப் போனார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். கிட்டாரைத் தொட்டதே இல்லை என்கிற தைரியம். நல்லது. தோசை வட்டமாக வருவதற்குள் கல்யாண விருந்து சமைக்கக் கிளம்பியவர், கிளட்ச் பிடிபடுவதற்குள் பைபாஸில் வண்டியை விட்டவர், இந்தக் கட்டுரையின் நடுவில் நாலு வரியைத் தாண்டிக் குதித்து இங்கே வந்து நிற்பவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். அடடா, இவ்வளவு வேகமாகவா!